ஒரே படத்துக்கு இரண்டு அபிப்பிராயம்: எதை நம்புவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அண்மையில் நான்கு படம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பெரிய நடிகரின் படத்தை முதல் நாளே கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் நண்பர்களோடு போய்ப் பார்த்து, விசிலடித்து, தொண்டை கட்டி வீடு வந்தீர்கள்; ஒரு மாதம் கழித்து அதே படம் வீட்டு டிவியில் ஓடியபோது அரை மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு துப்பறியும் படத்தை ஷொப்பிங் மோல் தியேட்டர் ஒன்றில் பார்த்தீர்கள். பாதிக் காட்சி இருட்டு, பாதி வசனம் விளங்கவில்லை, "சுமார்" என்று எழுதிப் போட்டு நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். மூன்றாவது ஒரு சின்னக் குடும்பப் படம். 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போனில் துண்டு துண்டாகப் பார்த்தது. நான்கிலும் அதுதான் பிடித்தது, ஆனால் வீட்டில் எல்லோரும் அதை இழுவை என்கிறார்கள். நான்காவது ஓர் ஆங்கில 3டி படம். தலையிடியைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. கடைசியில், "என் ரசனையில்தான் ஏதும் பிழையா? அந்தத் துப்பறியும் படத்தைப் பற்றி எழுதியதை அழித்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரசனைக்கு உங்களுக்கு வைத்தியம் தேவையில்லை. ஒரே ஆள் ஒரே படத்தை இரண்டு இடத்தில் பார்த்து இரண்டு விதமாகச் சொன்னால் எந்தப் பேச்சை நம்புவது என்பதுதான் உண்மையில் உங்கள் கேள்வி. அதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். 35 எம்எம் ரீல் ஓடிய காலத்தில் கொழும்பில் ஒப்பரேட்டராகத் தொடங்கி, பிறகு டிஜிட்டல் ப்ரொஜெக்டர் பூட்டுவது, சவுண்ட் செட் பண்ணுவது, பழுது பார்ப்பது என்றே என் வேலை போய்க்கொண்டிருக்கிறது. கதை, நடிப்பு என்று வந்தால் உங்களுக்குள்ள உரிமைதான் எனக்கும். அங்கே என் பேச்சுக்குத் தனி மதிப்பு ஒன்றும் இல்லை. படம் ஸ்கிரீனுக்கு வந்து சேரும் வழியில் அதற்கு என்னென்ன நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

இருட்டிலிருந்து தொடங்குகிறேன், அதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. தியேட்டரில் 2டி படம் ஓடும்போது ஸ்கிரீனின் நடுவில் வெள்ளை எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு: 14 ஃபுட்-லாம்பர்ட், மற்ற அலகில் சொன்னால் 48 நிட். ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் நிறம் திருத்தும் அறையில் இருந்துகொண்டு, இந்த முகம் இவ்வளவு தெரிந்தால் போதும் என்று முடிவு செய்வது அந்த அளவை வைத்துத்தான். செனன் லேம்ப் போட்ட ப்ரொஜெக்டர்களில் அந்த லேம்ப் எரிய எரிய வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். லேம்ப்பின் வோட்டைப் பொறுத்துச் சில நூறு மணி நேரத்திலிருந்து இரண்டு, மூவாயிரம் மணி நேரம் வரை உத்தரவாதம் தருவார்கள். ஒரு நாளைக்கு நான்கு காட்சி என்றால் பத்து, பதினொரு மணி நேரம். 1,000 மணி நேர லேம்ப் மூன்று மாதத்தில் தன் காலத்தை முடித்துவிடும். முடித்த பிறகும் எரியும், அதுதான் வில்லங்கம். 2022இல் இலங்கையில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியபோது வெளிநாட்டிலிருந்து வரும் லேம்ப்பின் விலை என்னவாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று முதலாளி ஒருவர் சொன்னால் அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் படம் பார்த்தவர்களின் அபிப்பிராயத்தில் அந்த லேம்ப்புக்கும் ஒரு பங்கு இருக்கும்.

வெயிலில் எடுத்த கிராமத்துப் படத்தில் இந்தக் குறை தெரியாது. கண் இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். மாட்டிக்கொள்வது இரவில் நடக்கும் படங்கள்தான். கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் இருண்ட நடைபாதையில் நிற்கிறான், கையில் ஏதோ வைத்திருக்கிறான். 14 ஃபுட்-லாம்பர்ட்டில் அது கத்தி என்று தெரியும். ஏழில் ஆள் நிற்பதே தெரியாது. அடுத்த காட்சியில் ஒருவர் செத்துக் கிடக்கும்போது உங்களுக்கு அது லொஜிக் இல்லாத கதை. வெளியே வந்து நீங்கள் சொல்லப்போவது "ப்ரொஜெக்டர் மங்கல்" என்று அல்ல, "திரைக்கதை சொதப்பல்" என்று. அடுத்த முறை ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இந்தியப் படம் என்றால் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வரும். அந்த வெள்ளைத் தாள் வெள்ளையாக இருக்கிறதா, பழைய பத்திரிகை நிறத்தில் இருக்கிறதா? ஓரங்கள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது வழமை. நன்றாகக் கறுத்திருந்தால் லேம்ப்போ அதன் பின்னாலுள்ள கண்ணாடியோ இடம் மாறியிருக்கிறது. அந்தத் தாளிலேயே படத்தின் நீளமும் இருக்கும், அதையும் ஒரு தரம் பார்த்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3டியில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியும் ப்ரொஜெக்டருக்கு முன்னால் வைக்கும் வடிகட்டியும் வெளிச்சத்தில் பெரும் பங்கைச் சாப்பிட்டுவிடும். கண்ணுக்கு வந்து சேர்வது 2டி அளவில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அதுவே நல்ல தியேட்டர். தலையிடிக்கு இன்னொரு காரணமும் உண்டு: கண் குவிவது ஸ்கிரீன் இருக்கும் தூரத்துக்கு, இரண்டு விழியும் திரும்பிச் சந்திப்பது மூக்குக்கு முன்னால் மிதக்கும் ஏதோவொன்றில். இந்த இழுபறி சிலருக்குத் தெரிவதே இல்லை, சிலருக்கு அரை மணி நேரத்தில் தலை வெடிக்கும். ஒவ்வொரு 3டி படத்திலும் உங்களுக்கு இப்படித்தான் என்றால் கண் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அப்புறம் வசனம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் ஒரு படத்தைப் பற்றி நான் கேட்கும் முறைப்பாடுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. தியேட்டரில் வசனம் பெரும்பாலும் ஸ்கிரீனுக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. ஸ்கிரீன் முழுக்கச் சிறு துளைகள் இருப்பது அதற்காகத்தான். முன்வரிசையில் இருந்து உற்றுப் பார்த்தால் தெரியும். பக்கச் சுவர்களில் தொங்குவதெல்லாம் மழைக்கும் சனக்கூட்டத்துக்கும் ஹெலிகொப்டருக்கும். நடு ஸ்பீக்கரில் மேல் ஒலிகளைத் தரும் பகுதி மட்டும் செத்துப்போனால் படம் ஓடும், பாட்டு அதிரும், அடிதடி நெஞ்சில் இடிக்கும், வசனம் மட்டும் போர்வைக்குள் இருந்து கதைப்பது போல் வரும். பல நாட்களுக்கு யாருக்கும் அது பழுது என்றே தோன்றாது. "இந்த டைரக்டருக்குச் சவுண்ட் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அது பழுது. பழுதில்லாமலே நடப்பது ஒன்று உண்டு, அது இன்னும் சுவாரசியம். சவுண்ட் ப்ரொசெஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் எண் இருக்கும். 7 என்பதுதான் குறித்த அளவு. ஒலிக்கலவை செய்யும் அறையும் தியேட்டரும் 7இல் ஒரே சத்தமாக இருக்க வேண்டும் என்று, ஸ்கிரீனுக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சோதனை இரைச்சலில் 85 டெசிபலுக்குச் சரிசெய்து வைப்போம். நடைமுறையில் 7இல் படம் ஓடுவதை நான் காண்பது அரிது. நாலரை, ஐந்து, மிஞ்சினால் ஆறு. காரணம் இதுதான். முதல் நாள் மாலைக் காட்சி. நாயகனின் செருப்பு தெரிகிறது, முகம் வருவதற்கு முன்னமே சனம் கதிரையை விட்டு எழும்பிவிட்டது. எண்ணை ஆறுக்கு ஏற்றினால்தான் பின்வரிசைக்குப் பாட்டே கேட்கும். இரண்டாவது கிழமை, புதன்கிழமைக் காலைக் காட்சி, உள்ளே பன்னிரண்டு பேர். அதே ஆறில் அவர்களுக்குக் காது வலிக்கிறது. பிள்ளையோடு வந்த ஓர் அக்கா வெளியே வந்து, "தம்பி, சத்தத்தைக் குறையுங்கோ" என்கிறார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, நாலரைக்கு இறக்குகிறோம். வெடிச்சத்தம் தாங்கக்கூடியதாகிவிடும். ஆனால் வெடிச்சத்தத்தோடு சேர்ந்து கிசுகிசுத்த வசனமும் கீழே இறங்கிவிட்டது, அதை ஏசியின் இரைச்சல் மூடிவிடும். மத்தியானக் காட்சிக்கு யாரும் திரும்ப ஏற்றுவதில்லை. விளம்பரம் காதைக் கிழிக்கிறது என்று அதற்காக இறக்கிவிட்டு, படம் தொடங்கிய பிறகு ஏற்ற மறந்த நாட்களும் எல்லாத் தியேட்டரிலும் உண்டு. தியேட்டர்கள் எப்படியும் குறைத்துத்தான் ஓட்டுவார்கள் என்று தெரிந்த படக்காரர்கள் இன்னும் சத்தமாகக் கலக்கிறார்கள். அது தாங்காமல் நாங்கள் இன்னும் குறைக்கிறோம். இந்த வட்டத்தில் நசுங்குவது வசனம்.

புதிய மல்டிப்ளெக்ஸ்களில் மெஷின் ரூமில் ஆளே இல்லாமல் படம் ஓடும். எத்தனை மணிக்கு லைட் அணைய வேண்டும், எப்போது விளம்பரம், எங்கே இடைவேளை என்பதெல்லாம் காலையிலேயே கணினியில் அடுக்கிவிடுவார்கள். ஆகவே வசனம் விளங்கவில்லை என்றால், யாரோ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் எழும்பிப் போய்க் கதவடியில் நிற்பவரிடம் சொல்லுங்கள். இடைவேளையில் சொன்னால் பாதிப் படம் போய்விட்டது, முடிந்த பிறகு சொன்னால் அடுத்த காட்சிக்காரருக்குத்தான் புண்ணியம். எங்கே இருந்தீர்கள் என்பதும் முக்கியம். ஒலியை அளந்து சரிசெய்வது பொதுவாக ஸ்கிரீனிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில். பல்கனி உள்ள பழைய பெரிய தியேட்டரில் கீழே கடைசி வரிசைகளுக்கு, பல்கனியின் தளத்துக்கு அடியில் இருப்பவர்களுக்கு, மேல் ஒலிகள் மழுங்கித்தான் வரும். அங்கே டிக்கெட் எடுத்துவிட்டுப் பின்னணி இசையைக் குறைசொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

இதெல்லாம் டிஜிட்டல் வந்ததால் வந்த நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரீல் காலத்தில் இருந்த கூத்து வேறு. 2,000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். நம் கைக்கு வரும் பிரதி ஏற்கெனவே எத்தனையோ ஊர் சுற்றியிருக்கும். ரீலின் தொடக்கமும் முடிவும் கீறல் விழுந்து மழை பெய்யும், அறுந்த இடங்களில் ஒட்டியதில் வசனம் தாவும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டாவது பாதியில் ஒரு பாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்ன முகாமையாளர்களும் இருந்தார்கள். சனம் "இரண்டாம் பாதி நல்ல வேகம்" என்று மெச்சிக்கொண்டு போகும். இப்போது ஹார்ட் டிஸ்க்கில் வரும் படம் முதல் நாளும் நூறாவது நாளும் ஒன்றுதான். கோப்பு கெடுவதில்லை, கெடுவதெல்லாம் அதைக் காட்டும் சாமான்தான்.

வீட்டுக்கு வருவோம். அங்கே தியேட்டருக்கு இல்லாத இரண்டு வில்லன்கள். ஒன்று, டிவி தானாகவே அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. படம் எடுப்பது வினாடிக்கு 24 சட்டத்தில் (ஃப்ரேமில்). டிவி அவற்றுக்கு நடுவில் இல்லாத சட்டங்களைத் தானே செய்து சொருகுகிறது. விளையாட்டுப் பார்க்க அது நல்லது. படத்துக்கு அது வந்தால் கோடிக்கணக்கில் செலவழித்த சண்டைக் காட்சி மாலை நேர நாடகம் மாதிரி ஆகிவிடும். நிறையப் பேர் "டிவியில் பார்த்தால் செட் எல்லாம் அட்டை மாதிரி இருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். செட்டிங்கில் தேடி அணைத்துவிடுங்கள். மற்றது ஒலி. ஐந்து, ஏழு வழியாகப் பிரிந்து வர வேண்டியதை டிவி இரண்டுக்குள் அமுக்குகிறது. அந்த இரண்டு ஸ்பீக்கரும் சுவரையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஸ்ட்ரீமிங்குக்கு என்று பல படங்களுக்குச் சத்த வித்தியாசத்தைக் குறைத்துத் தனியாக ஒலிக்கலவை செய்கிறார்கள், அப்படிச் செய்த படத்தில் வசனம் தியேட்டரைவிட வீட்டில் தெளிவாக இருக்கும். செய்யாத படத்தில் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது அந்த நீள விஷயம். தியேட்டரில் நீங்கள் பார்த்ததும் வீட்டில் பார்த்ததும் ஒரே படம் என்று முடிவு கட்டாதீர்கள். வெளியாகி இரண்டு மூன்று நாளில் நீளத்தைக் குறைத்துத் திரும்ப விடுவது தமிழ்ப் படங்களில் சர்வசாதாரணம். இந்தியச் சான்றிதழோடு வரும் படத்தை இங்கே தணிக்கைச் சபை தனியாகப் பார்க்கிறது. ஸ்ட்ரீமிங்கில் வருவது தியேட்டர் பிரதியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் எத்தனை நிமிடம் ஓடியது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். பத்து நிமிடம் வித்தியாசம் என்றால் நீங்கள் இரண்டு அபிப்பிராயம் சொன்னதில் அதிசயமே இல்லை.

இதுவரை சொன்னது அளக்கக்கூடிய விஷயம். இனி வருவது அப்படியல்ல, என் அனுபவமும் ஊகமும் கலந்தது. சனம் ஒரு படத்தை மாற்றுகிறது என்பதை மெஷின் ரூம் கண்ணாடி வழியாகப் பார்த்த எவனும் மறுக்க மாட்டான். எவ்வளவு மாற்றுகிறது என்று கேட்டால் யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர் தனியே இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டார். அது அன்றாட வாழ்க்கைச் சிரிப்பு, காசு கொடுத்து உள்ளே வந்து சிரிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு அதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட பரிசோதனை. 14 பாகை குளிர் நீரில் ஒரு நிமிடம் கை வைத்தவர்களை, இன்னொரு தரம் அதே ஒரு நிமிடத்தோடு மேலும் அரை நிமிடம், நீர் மெல்ல ஒரு பாகை சூடாகும்வரை வைக்கச் சொன்னார்கள். திரும்பச் செய்வதென்றால் எது என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதைத்தான் தேர்ந்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். முடிவு நன்றாக அமைந்த படத்துக்கு நடுவில் பட்ட அவஸ்தையைச் சனம் மன்னிப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். அது கையும் தண்ணீரும். இரண்டரை மணி நேரப் படம் அல்ல.

கொழும்புச் சனத்துக்கு என்று ஒரு தனி விசேஷம் உண்டு. இங்கே தமிழ்ப் படத்துக்கு வருபவர்களில் சிங்களவர்களும் இருப்பார்கள், அவர்கள் படத்தின் கீழே வரும் ஆங்கில எழுத்தை வாசித்துத்தான் பார்க்கிறார்கள். கீழே எழுத்து முழுதாக விழுந்துவிடும், நடிகர் வசனத்தை முடிக்க இன்னும் இரண்டு வினாடி ஆகும். ஆகவே தியேட்டரின் ஒரு பக்கம் முந்திச் சிரிக்கும், மறுபக்கம் பிந்திச் சிரிக்கும்; நகைச்சுவைக் காட்சியின் தாளமே மாறிவிடும். இதை ஒரு சோதனைக்கும் பயன்படுத்தலாம். எழுத்தை வாசித்துப் பார்த்த நண்பருக்கும் கதை விளங்கவில்லை என்றால் பிரச்சினை திரைக்கதையில். அவருக்கு விளங்கி உங்களுக்கு விளங்கவில்லை என்றால் பிரச்சினை ஒலியில், அல்லது நம் காதில். மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் வேகம் பிடித்தால் நமக்கு இடறுகிறது என்பதை ஒத்துக்கொள்ள வெட்கப்படத் தேவையில்லை. அவர்கள் மட்டும் என்னவாம், நம்மவர் பேச்சைப் பேசுவதாக நினைத்து ஒரு பாத்திரம் வாயைத் திறந்தால் இங்கே எழும் சிரிப்பு டைரக்டர் எதிர்பார்த்த இடத்தில் எழும் சிரிப்பல்ல.

சரி, உங்கள் நான்கு படத்துக்கும் வருகிறேன். நீங்கள் போன தியேட்டரில் அன்றைக்கு நான் இருக்கவில்லை, ஆகவே பொதுவாகத்தான் சொல்ல முடியும். பெரிய நடிகரின் படத்தில் உங்கள் இரண்டு அபிப்பிராயமும் உண்மை என்றே நினைக்கிறேன், ஆனால் வீட்டு அபிப்பிராயத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு கொஞ்சம் குறைவு. அந்த மாதிரிப் படங்களை வெட்டும்போதே விசிலுக்கு இடம் விட்டுத்தான் வெட்டுகிறார்கள். நாயகன் திரும்பிப் பார்க்கிறான், ஒரு வரி சொல்கிறான், பிறகு ஐந்தாறு வினாடி ஒன்றும் நடக்காமல் நடக்கிறான். தியேட்டரில் அந்த ஐந்தாறு வினாடியைச் சனம் நிரப்பும். உங்கள் வரவேற்பறையில் அதை நிரப்ப மின்விசிறிச் சத்தம்தான் இருக்கிறது. அந்த வெறுமையைப் படத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதே நேரம், தியேட்டரிலும் உங்களுக்கு ஓர் இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியிருந்து, வீட்டிலும் அதே இடத்தில் சலித்திருந்தால், அந்தச் சலிப்புப் படத்தினுடையது. இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்பது எதுவோ அதைப் படத்தின் கணக்கில் எழுதலாம். நான் நம்பும் ஒரே விதி இது, அதற்கும் விலக்கு இருக்கும்.

குடும்பப் படத்தில் உங்கள் பக்கம்தான் நான். முகத்தையும் பேச்சையும் நம்பி எடுத்த படத்துக்குப் போனும் இயர்போனும் அவ்வளவு மோசமான இடமல்ல. வசனம் காதுக்குள்ளேயே விழுகிறது, முகம் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது. நடிப்பைப் பற்றியும் வசனத்தைப் பற்றியும் நீங்கள் சொன்னதை நம்புவேன். வேகத்தைப் பற்றிச் சொன்னதை நம்ப மாட்டேன். பம்பலப்பிட்டியில் நிறுத்தி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, பின்னேரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் எந்தப் படமும் இழுக்காது. வீட்டுக்காரர்கள் ஒரே இருப்பில் பார்த்தார்கள். இழுவை என்று சொல்ல அவர்களுக்குத்தான் கூடுதல் தகுதி. அதோடு அந்தப் படத்தில் நீண்ட அமைதிகள் இருந்தால் அவை உங்களுக்குக் கிடைக்கவே இல்லை, டிரைவர் போட்ட பாட்டுத்தான் கிடைத்திருக்கும்.

துப்பறியும் படத்தைப் பற்றி எழுதியதை அழிக்காதீர்கள். எந்த வகைத் தியேட்டர், எத்தனையாவது வரிசை, இருட்டும் வசனமும் எப்படி இருந்தன என்று அதன் கீழே இரண்டு வரி சேருங்கள். அந்தத் தியேட்டருக்குப் போக நினைக்கும் இன்னொருவருக்கு அது உங்கள் "சுமார்" என்ற சொல்லைவிடப் பயன்படும். பிறகு வீட்டில், லைட்டை அணைத்துவிட்டு, அந்த வழுவழுப்பு வசதியையும் அணைத்துவிட்டு, முடிந்தால் இயர்போனோடு, முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். அப்போதும் யார் யாரைக் கொன்றான் என்று விளங்கவில்லை என்றால் நண்பர்களிடம் தைரியமாகச் சண்டை பிடிக்கலாம். 3டி படத்துக்கு இப்போதைக்கு அபிப்பிராயமே வேண்டாம். 2டியில் எங்காவது ஓடினால் நடு வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.